"காசு வேண்டாம் அக்கா, நாள் குடுங்க"

எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் இரண்டு ஆண்டுகளாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. வாரத்தின் ஏழு நாளும் அதில் அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். அலுவலகத்துக்கு நீலம், பிள்ளைகளின் படிப்புக்கு மஞ்சள், உடற்பயிற்சிக்கு ஆரஞ்சு, ஆண்டவருக்குப் பச்சை. தாளின் தலைப்பில் 'எங்கள் வாரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

அந்தப் பச்சைக் கட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூரப் பெருமை. தினமும் காலை ஐந்தரைக்கு அரை மணி நேர ஜெபம். புதன் இரவு இரண்டு மணி நேரம் வீட்டுக் கூட்டம். வெள்ளி இரவு இரண்டரை மணி நேரம் பாடகர் குழுப் பயிற்சி. ஞாயிறு காலை எட்டு மணி முதல் ஒரு மணி வரை ஆராதனை, அதைத் தொடர்ந்து ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பது. கூட்டினால் 13 மணி நேரம், 26 கட்டங்கள். ராஃபிள்ஸ் பிளேசில் கணக்காய்வு வேலை, தொடக்கநிலை 5இல் மகன், தொடக்கநிலை 1இல் மகள், பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்த மாமியார், சாங்கி விமான நிலையத்தில் ஷிஃப்ட் பார்க்கும் கணவர். இத்தனைக்கும் நடுவில் 13 மணி நேரத்தை ஆண்டவருக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன் என்றால் சும்மாவா?

சபையில் மற்ற பெண்கள் அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போனார்கள். ஒருமுறை பெண்கள் ஐக்கியத்தில் என்னைப் பேசவே அழைத்துவிட்டார்கள். தலைப்பு, 'விசுவாசியின் வாரத் திட்டம்'. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் 20 நிமிடம்.

நன்றாகத்தான் பேசினேன். ஆனால் அதைப் பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட நாள் என்னுடையது அல்ல என்பது எனக்குப் புரிய இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

சட்டப்படி எல்லாம் சரி

அத்தைக்குப் பக்கவாதம் வந்த பிறகு வீட்டோடு இருக்க ஒரு பணிப்பெண் தேவைப்பட்டது. அத்தைக்குத் தமிழைத் தவிர வேறு மொழி சரளமாக வராது. அதனால் தமிழ்நாட்டிலிருந்து ஒருவரை வரவழைத்தோம். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். என்னைவிட நான்கு வயது இளையவர். கல்லூரியில் படிக்கும் மகளை ஊரில் தாயிடம் விட்டுவிட்டு வந்தவர். என்னை அக்கா என்று கூப்பிடுவார். இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "எழுதுங்கக்கா, பேரு மட்டும் போடாதீங்க" என்றார். அதனால் பெயரை விட்டுவிடுகிறேன்.

இல்லப் பணிப்பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது சிங்கப்பூரில் 2013 ஜனவரியில் வந்த விதி. எந்தக் கிழமை என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். பணிப்பெண் சம்மதித்தால் ஓய்வு நாளுக்குப் பதிலாகப் பணம் கொடுக்கலாம். 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாளையாவது அப்படிப் பணமாக்க முடியாது. கட்டாயம் ஓய்வாகவே கொடுத்தாக வேண்டும்.

கணக்காய்வாளர் அல்லவா, விதியை எள்ளளவும் பிசகாமல் கடைப்பிடித்தேன். மாதத்தில் ஒரு நாள் ஓய்வு. மற்ற மூன்று நாளுக்கும் மாதச் சம்பளமான 780 வெள்ளியை 26ஆல் வகுத்து, நாளுக்கு 30 வெள்ளி. கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்துவிடுவேன். அந்த ஒரு நாள் ஓய்வும் நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமைதான். ஞாயிறு கொடுக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆலயத்துக்குப் போய்விட்டால் அத்தையை யார் பார்த்துக்கொள்வது?

அவருடைய அக்காவும் சிங்கப்பூரில்தான் வேலை செய்துவந்தார், ஜூரோங் வெஸ்ட்டில். அந்த வீட்டில் ஞாயிறு மட்டும்தான் விடுவார்கள். தங்கைக்குச் செவ்வாய், அக்காவுக்கு ஞாயிறு. நாங்கள் இருப்பது செங்காங்கில். இந்தச் சின்னத் தீவில் 14 மாதம் இருந்தும் சகோதரிகள் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது இரண்டே முறை. ஒன்று தீபாவளி அன்று, இன்னொன்று ஒரு பொது விடுமுறையில். இது எனக்கு அப்போது தெரியாது. நான் கேட்டதே இல்லை.

அந்தப் புதன்கிழமை இரவு, வீட்டுக் கூட்டம் முடிந்து வந்து நான் சாப்பிட உட்கார்ந்தேன். சமையலறை வாசலில் நின்றபடி அவர் சொன்னார்: "அக்கா, இந்த ஞாயித்துக்கிழமைக்குக் காசு வேண்டாம். நாள் குடுங்க."

அக்காவுக்கு ஒப்பந்தம் முடிகிறது, ஊருக்குப் போகிறாள், அவளுக்கு இதுதான் கடைசி ஞாயிறு என்றார். காதில் விழுந்தது. ஆனால் மனம் முழுக்க அந்த 20 நிமிடப் பேச்சில் இருந்தது. அந்த ஞாயிறு கணவருக்கும் பகல் ஷிஃப்ட். "இந்த வாரம் முடியவே முடியாதும்மா. அடுத்த ஞாயிறு போயிட்டு வா" என்றேன்.

"சரிக்கா" என்றார்.

பேசினேன். கைத்தட்டல் கிடைத்தது. அடுத்த ஞாயிறு காலையில், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்போடு அவரிடம் போய், "இன்னைக்கு நான் வீட்டுல இருக்கேன். நீ போயி அக்காவப் பாத்துட்டு வா" என்றேன். அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எதுக்குக்கா? அவ வெள்ளிக்கிழமையே போயிட்டா."

குரலில் கோபம் இல்லை. நறுக்கும் கை நிற்கவும் இல்லை. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டில் இருக்கப் போவதாகச் சொன்னவள், புடவையை மாற்றிக்கொண்டு ஆலயத்துக்கே போய்விட்டேன். அன்று என்ன பாட்டுப் பாடினோம் என்று இன்றுவரை நினைவில்லை.

உபாகமத்தில் இருந்த காரணம்

அடுத்த வாரம் ஞாயிறு பள்ளியில் நான் எடுக்க வேண்டிய பாடம் பத்துக் கட்டளைகள். சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவை. தயாரிக்கப் பெரிய வேலை இல்லை என்று நினைத்துத்தான் வேதாகமத்தைத் திறந்தேன்.

அந்தக் கட்டளைகள் வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாளை ஏன் கடைப்பிடிக்க வேண்டும் என்பதற்குச் சொல்லப்படும் காரணம் படைப்பு. கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்தார், ஆகவே நீங்களும் ஓய்ந்திருங்கள் என்பது. நான் படித்ததும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்.

உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் மோசே அதே கட்டளையை மக்களுக்குத் திரும்பச் சொல்கிறார். அங்கே காரணம் வேறு. நீங்களும் எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள்தான், அதை மறக்காதீர்கள் என்கிறார். உங்களுக்குச் சமமாக உங்கள் வேலைக்காரரும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்கிறார். மாடும் கழுதையும்கூட அந்தப் பட்டியலில் உண்டு.

இளைப்பாறும் நாளில் வேலைக்காரி எங்கே போக வேண்டும், எந்தச் சாமியைக் கும்பிட வேண்டும் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவள் உன்னைப் போல் ஓய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் பாட்டியின் நினைவு வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் செலேத்தார் விமானத் தளத்தில் ஒரு அதிகாரி வீட்டில் ஆயாவாக இருந்தவர். கிறிஸ்துமஸ் அன்று துரை வீட்டு விருந்து முடிந்து, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இருட்டிய பிறகுதான் தன் பிள்ளைகளுக்குச் சமைக்க வருவாராம். அதுவரை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்போம் என்று அம்மா சொல்வார். அந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன்! ஒருமுறைகூட அதில் என்னைத் துரை வீட்டுப் பக்கம் நிறுத்திப் பார்த்ததில்லை.

அந்தச் செலேத்தார் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

168 மணி நேரத்தின் கணக்கு

குற்ற உணர்வு ஒரு வாரம் இருக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். கணக்குப் பார்த்தேன்.

வாரத்துக்கு 168 மணி நேரம். பிரதமருக்கும் அதுதான், பேருந்து ஓட்டுநருக்கும் அதுதான். ஒரு வாரம் முழுக்க, செய்ய நினைத்ததை விட்டுவிட்டு, செய்ததை மட்டும் எழுதினேன். தூக்கம் 45 மணி. அலுவலகமும் ரயில் பயணமும் 55 மணி. கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது 9 மணி. இதைக் கைப்பேசியே சொல்லிவிட்டது. பச்சைக் கட்டங்கள் 13 மணி என்று தாளில் இருந்தாலும், போக்குவரத்தைச் சேர்த்தால் 17.

அத்தையோடு உட்கார்ந்து பேசியது ஒன்றரை மணி நேரம். ஒரு நாளைக்கு இல்லை, ஒரு வாரத்துக்கு.

அத்தை என் வாழ்க்கையில் முக்கியமானவர். திருமணமான புதிதில் எனக்கு ஞாயிறு பள்ளிப் பாடம் எடுக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். பக்கவாதம் வந்தபின் அவரால் ஆலயத்துக்கு வர முடியவில்லை. ஞாயிறுதோறும் நான் மேடையில் பாட, அவர் வீட்டில் யூடியூபில் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கையால் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் திருப்ப முடியாது. பணிப்பெண்தான் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்வார். மாரியம்மனைக் கும்பிடுகிற அவருக்கு இப்போது எங்கள் ஞானப்பாட்டுகளில் பாதி மனப்பாடம்.

மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு வழக்கத்தைக் கண்டிக்கிறார். கொர்பான் என்று பெயர். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை, 'இது கடவுளுக்குக் காணிக்கையாகிவிட்டது' என்று சொல்லிவிட்டால் செய்யாமல் தப்பித்துக்கொள்ளலாம். கேட்பவர் வாயை அடைக்க அதைவிட நல்ல சொல் கிடையாது. என் தாளில் அந்தச் சொல்லுக்குப் பச்சை நிறம் கொடுத்திருந்தேன்.

பிறகு தாளில் இன்னொரு பத்தி வரைந்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே, அந்த நேரத்தில் வீட்டைத் தாங்கியது யார் என்று எழுதினேன். புதன் இரவு அவர். வெள்ளி இரவு அவர். ஞாயிறு காலை அவர். வீட்டைவிட்டு வெளியே போய் நான் ஆண்டவருக்குக் கொடுத்த மணி நேரம் அத்தனையும் அவரிடமிருந்து வாங்கியது. அதிலும் ஞாயிறு, மணிக்கணக்கு போட்டு மலிவாக வாங்கியது.

மேசையைச் சுற்றி ஆறு பேர்

ஒரு ஞாயிறு மாலை எல்லாரையும் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தேன். பணிப்பெண்ணையும்தான். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அத்தையின் சக்கர நாற்காலியையும் இழுத்துப் போட்டோம்.

முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னிலையிலும் கேட்க வேண்டும் என்று கணவர் சொன்னார். "விடுங்கக்கா, ஊருக்குப் போயி பாத்துக்குறேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு ஒவ்வொருவரும் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். இது இல்லாவிட்டால் வாரம் வாரமாகவே இருக்காது என்று நினைக்கிற ஒன்று. 'குடும்பம்', 'ஆரோக்கியம்' என்று பெரிய சொல் எதுவும் கூடாது. என்றைக்கு, யாரோடு, என்ன என்று சொல்ல வேண்டும்.

மகன், சனிக்கிழமை காலையில் புளோக்கின் கீழே அப்பாவோடு பந்து விளையாட வேண்டும் என்றான். துணைப்பாட வகுப்புக்கு முன்னால், பின்னால் அல்ல. மகள், தூங்கும்போது கதை சொல்லும் அம்மாவின் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது என்றாள். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் நாளில் பகல் 12 வரை யாரும் எழுப்பக் கூடாது என்றார் கணவர். அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "மாசத்துல ஒரு தடவையாவது கோயில்ல உட்காந்து திருவிருந்து எடுக்கணும். அப்புறம், பாட்டுப் புஸ்தகத்தை நீ பிடிச்சுக்க."

பணிப்பெண் கடைசியாகச் சொன்னார். "ஞாயிறு."

எல்லா ஞாயிறும் எடுத்துக்கொள் என்று தாராளமாகச் சொன்னேன். அவர் முகம் வாடியது. "அப்ப அந்தத் தொண்ணூறு வெள்ளி?" மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். ஓய்வு கொடுக்கிறேன் என்ற பெயரில் நான் சம்பளத்தைக் குறைக்கப் பார்த்திருக்கிறேன்! அந்த 90 வெள்ளியை மாதச் சம்பளத்தோடு சேர்த்து 870 ஆக்கினோம். மாதத்தில் இரண்டு முறை குடும்பமாகக் கடைத்தொகுதிக்குப் போய்ச் சாப்பிடுவது ஒரு முறையானது. பிள்ளைகள் முதல் மாதம் முணுமுணுத்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள்.

ஊழியத்தை விடலாமா?

ஞாயிறு அவருடையது என்றால், எங்கள் ஞாயிறை நாங்கள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் சபையில் காலையிலும் மாலையிலும் ஆராதனை உண்டு. கணவரும் நானும் முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் காலை, ஒருவர் மாலை. மாதத்தில் ஒரு ஞாயிறு சக்கர நாற்காலி ஏறும் வாடகை வண்டி எடுத்து, அத்தையோடு எல்லாரும் சேர்ந்து போகிறோம். ஞாயிறு பள்ளியை வாரம் விட்டு வாரம் ஆக்கிக்கொண்டேன்.

பாடகர் குழுவை விட்டேன். இதுதான் கடினமாக இருந்தது. 11 ஆண்டுகள் பாடிய இடம். குழுவை நடத்துபவருக்கு வருத்தம். "ஊழியத்துலேருந்து விலகுறது சாத்தானுக்கு இடம் குடுக்குறது மாதிரி சிஸ்டர்" என்றார். அவர் நல்லவர். இதே சொல்லை ஓராண்டுக்கு முன்னால் நானே இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் கோபம் வரவில்லை. "ஒருத்தரோட ஞாயித்துக்கிழமை என் கையில இருந்துச்சு பிரதர். திருப்பிக் குடுக்குறேன்" என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

சபைக்கு உழைப்பதை நான் குறை சொல்லவில்லை. யாரும் உழைக்காவிட்டால் சபை ஏது? என் சொந்த நேரத்தில் நான் உழைத்தால் அது காணிக்கை. அடுத்தவர் நேரத்தில் உழைத்துவிட்டு அதை என் பெயரில் எழுதிக்கொள்வது வேறு. கணக்குப் புத்தகத்தில் அதற்கு நல்ல பெயர் கிடையாது.

இப்போதும் வெள்ளி இரவு எட்டு மணியானால் தொண்டை அரிக்கும். அத்தைக்குச் சோறு ஊட்டிவிட்டு இருவரும் பாடுவோம். அத்தைக்குச் சுதி சேராது. பணிப்பெண்ணுக்கு நன்றாகவே சேரும்.

அறுக்காமல் விட்ட மூலை

புதிய தாளில் இன்னொரு மாற்றம். வியாழன் இரவு ஏழரை முதல் ஒன்பதரை வரை நான்கு கட்டங்களில் நிறமே இல்லை.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் விவசாயிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. வயலை ஓரம்வரை ஒட்ட அறுக்காதே. மூலையில் கொஞ்சம் விட்டுவிடு, சிந்திய கதிரைப் பொறுக்கப் போகாதே. அது ஏழைக்கும் அந்நியருக்கும். பிழைக்க வந்த ரூத் கதிர் பொறுக்கியது அப்படி ஒரு வயலில்தான். எந்த மூலை, எத்தனை அடி என்று அந்த அதிகாரத்தில் அளவு இல்லை. வருகிறவர் யார் என்பதும் வயல்காரன் கையில் இல்லை. அவன் செய்ய வேண்டியது அரிவாளை நிறுத்துவது மட்டும்தான்.

நம் ஊரில் வாரத்தை ஓரம்வரை அறுப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். பிள்ளையின் நீச்சல் வகுப்புக்கும் கணித வகுப்புக்கும் நடுவில் 15 நிமிடம் கிடைத்தால் அதில் ஒரு சொல்வதெழுதுதல் நடத்திவிடுவோம். நானும் முதல் மூன்று வியாழக்கிழமைகளில் சும்மா இருக்க முடியாமல் துணிகளை இஸ்திரி போட்டேன்.

நான்காவது வாரம், எதிர்வீட்டுச் சீனப் பாட்டி மருத்துவமனையிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கதவைத் தட்டினார். ஒன்பது ஆண்டுகளாக எதிரும் புதிருமாக இருக்கிறோம், அவர் வீட்டுக்குள் நான் போனது அன்றுதான். இன்னொரு வியாழன், அலுவலகத்தில் வேலை இழந்த ஒரு தம்பி வந்தார். சேலத்துக்காரர். சில வாரங்களில் நாடு திரும்ப வேண்டிய நிலை, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டார், என் மகனோடு கிரிக்கெட் பேசினார். என்னால் வேலை வாங்கித் தர முடியவில்லை. மின்தூக்கி வரும்வரை கூடவே நின்றேன். மறுநாள், "வீட்டுல சொல்லிட்டேன்க்கா" என்று செய்தி அனுப்பியிருந்தார்.

பல வியாழக்கிழமைகளில் யாரும் வருவதில்லை. அன்றைக்கு நானும் இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம்

இது கிறிஸ்தவ வீட்டுக் கதை. ஆனாலும் நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், எந்தச் சமயமும் இல்லாதவராக இருந்தாலும், கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான். எங்களுக்கு உதவியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் திட்டம் போடாதீர்கள். ஒரு வாரம் நடந்ததை மட்டும் எழுதுங்கள். கோயிலுக்கும் குடும்பத்துக்கும்தான் வாழ்கிறோம் என்று நாம் சொல்லிக்கொள்வது சரியா என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.

அடுத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று கேளுங்கள். கிழமையோடும் நேரத்தோடும் சொல்லச் சொல்லுங்கள். அவற்றை முதலில் தாளில் போட்டுவிட்டு மற்றவற்றைப் பிறகு நிரப்புங்கள். எல்லாம் நிரம்பிய பிறகு முக்கியமானதற்கு இடம் தேடினால் கிடைக்காது.

மூன்றாவது, ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே, 'இது யாருடைய நேரத்தின் மேல் நிற்கிறது?' என்று எழுதுங்கள். பணிப்பெண்ணாக இருக்கலாம். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத் தாமதமாக வீடு போகும் இளைய ஊழியராக இருக்கலாம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவாக இருக்கலாம். தனக்கென்று ஒரு கட்டமும் இல்லாத மனைவியாக இருக்கலாம். அவர்கள் பெயரும் தாளில் வரட்டும்.

கடைசியாக, ஒரு மூலையை விட்டுவையுங்கள்.

எங்கள் திட்டம் அடிக்கடி உடையும். காலாண்டுக் கணக்கு முடிக்கும் வாரத்தில் கதை நேரம் போய்விடும். மகனின் தேர்வு வாரத்தில் பந்து போய்விடும். ஞாயிறு மாலை 15 நிமிடம் உட்கார்ந்து மறுபடி ஒட்டவைப்போம். எது உடைந்தாலும் ஒன்றை மட்டும் உடைப்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். அது அவருடைய ஞாயிறு.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவர் கிளம்புவார். செங்காங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ஒரே ரயில். வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போவாராம், தேக்காவில் ஊர்க்காரர்களைப் பார்ப்பாராம். மற்றதை நான் கேட்பதில்லை. இரவு வரும்போது அத்தைக்கு ஏதாவது ஒரு பொட்டலம் இருக்கும்.

அக்காவோடு அவர் கழித்திருக்க வேண்டிய அந்த ஒரு ஞாயிறை என்னால் திருப்பித் தர முடியாது. அதற்கு எந்த நிறத்திலும் கட்டம் கிடையாது. அடுத்த மாதம் இரண்டு வார விடுப்பில் ஊருக்குப் போகிறார். திருச்சி விமான நிலையத்துக்கு அவருடைய அக்கா வருகிறாராம். அந்த இரண்டு வாரமும் அத்தையைக் குளிப்பாட்டுவது யார், சமைப்பது யார், பாட்டுப் புத்தகம் பிடிப்பது யார் என்று இப்போதே எழுதிக் கதவில் ஒட்டியாகிவிட்டது. பெரும்பாலான கட்டங்களில் என் பெயர்தான்.